'மேன்த்னீர்' என்ற பிரெஞ்சு வினையில் எத்தனை அசை?

எழுத்தில் மூன்று, பேச்சில் பெரும்பாலும் இரண்டு. 'மேன்' என்றால் கை, 'தெனீர்' என்றால் பிடித்தல். இரண்டும் சேர்ந்த கூட்டு வினை இது: விடாமல் வைத்திருத்தல், பராமரித்தல். நம் 'கைக்கொள்' போன்ற கட்டமைப்புதான். லத்தீனிலேயே கை, பிடி என்ற சொற்கள் இப்படிச் சேர்ந்துவிட்டன.

வரியை மடக்கி எழுதினால் மேன்-தெ-னீர். பேசும்போது நடுவில் உள்ள மெலிந்த 'எ' விழுந்து மேன்த்-னீர் ஆகிறது. 'மேன்' அசையின் 'ன்' வெறும் மூக்கொலி, தனி மெய் அல்ல; ஆக 'எ'க்கு முன்னால் 'த்' என்ற ஒரே மெய் இருப்பதால் நாக்குக்குச் சிரமமில்லை. 'அபர்தெனீர்' (உரியதாயிருத்தல்) என்பதில் 'ர்', 'த்' என இரண்டு மெய்கள் முன்னால் நிற்கின்றன. 'எ'யும் போனால் மூன்று மெய்கள் முட்டிக்கொள்ளும். அதனால் அங்கே அது தங்கிவிடுகிறது.

பலர் தடுக்குவது 'மேன்' அசையில். நுனிநாக்கு எங்கும் ஒட்டக் கூடாது. பேச்சுத் தமிழில் 'வந்தேன்' என்னும்போது கடைசி 'ன்' மூக்கொலியாகக் கரைகிறதே, கிட்டத்தட்ட அதே ஒலிதான். இறுதி 'ர்' அடித்தொண்டையில் உரசி வரும்.

கூட்டு வினையைக் கூட்டுக் காலத்தோடு குழப்ப வேண்டாம். 'அவ்வார்' அல்லது சில வினைகளில் 'எத்ர்' என்ற துணைவினை முன்னால் வந்து இறந்தகாலம் காட்டுவது கூட்டுக் காலம். அது ஏறக்குறைய எல்லா வினைக்கும் உண்டு.