பர்மா களத்தில் பி-40 எடுத்தால் ஏன் எப்போதும் தோற்கிறேன்?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: மேசைமேல் குட்டி விமானங்களை வைத்து ஆடும் பிளட் ரெட் ஸ்கைஸ் விளையாட்டில் 1941 டிசம்பர் ரங்கூன் சினாரியோவை, அதாவது அந்தச் சண்டையை வைத்து அமைத்த ஆட்டத்தை, ஆடுகிறார். சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வக் குழுவின், அதாவது 'பறக்கும் புலிகள்' என்று பெயர் வாங்கியவர்களின், பி-40 சண்டை விமானங்கள் அவருக்கு. நண்பருக்கு ஜப்பானியச் சண்டை விமானமான ஹயபுசா. ஒவ்வொரு ஆட்டத்திலும் அடி. விதிகளே ஜப்பான் பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று கேட்கிறார்.

விதிகளில் கோளாறு இல்லை. உங்கள் ஆட்டத்தைப் பார்க்காமலே சொல்கிறேன், முதல் இரண்டு சுற்றுக்குள் ஹயபுசாவின் வாலைப் பிடிக்கப் பி-40ஐத் திருப்பியிருப்பீர்கள். முதல் உலகப்போர் விமான விளையாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் கணினி விளையாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் இந்தப் பழக்கம் கையிலேயே ஊறியிருக்கும். ஹயபுசா சுமையோடு சேர்த்து 2,000 கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். பி-40 ஏறக்குறைய 3,300 கிலோ. அதனோடு வட்டம் போட்டு ஜெயிக்க எந்தப் பகடையும் உதவாது.

அந்த எடை எதற்கு என்று யோசியுங்கள். விமானிக்குப் பின்னால் கவசத் தகடு, தோட்டா துளைத்தாலும் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டாங்க், மூக்கில் இரண்டு பெரிய துப்பாக்கி, இறக்கையில் நான்கு சிறியது. ஹயபுசாவில் மொத்தமே இரண்டு துப்பாக்கிதான். தலைகுப்புற இறங்கும் பி-40ஐ ஹயபுசாவால் பிடிக்கவே முடியாது. ஆரம்பகால ஹயபுசாக்களில், வேகமாக இறங்கி நிமிரும்போது இறக்கை தாங்காத சிக்கலும் இருந்தது. பறக்கும் புலிகளின் தலைவர் கிளேர் சென்னால்ட் 1941இல் பர்மாவின் டௌங்கூ தளத்தில் வைத்துத் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்ததன் சாரம் இதுதான்: இரண்டிரண்டு பேராகப் போ, உயரத்திலிருந்து இறங்கு, சுடு, நிற்காமல் விலகு, மறுபடி ஏறிவிட்டு வா. ஜப்பானிய விமானத்தோடு வட்டமடித்துச் சண்டை போடாதே.

இந்த விளையாட்டு அதை அழகாகப் பிடித்திருக்கிறது. மூக்கு தூக்கி நிற்கும் விமானம் அனுகூலத்தில் இருக்கிறது, மட்டமாக நிற்பது நடுநிலை, மூக்கு தாழ்ந்தது பாதகம். உன்னைவிடக் கீழ் நிலையில் இருப்பவனை மட்டுமே சுடலாம். ஆக, உயரத்தை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் துப்பாக்கி. திரும்பித் திரும்பி அந்த அனுகூலத்தைச் செலவழித்துவிட்டால் பி-40 வெறும் இலக்குதான்.

எங்கள் ஆட்டத்தைச் சொல்கிறேன். கோவையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பச்சைத் துணி மேல் ரங்கூன் ஆற்றை வரைந்து வைத்து ஆடினோம். கிறிஸ்துமஸ் நாள் தாக்குதல். அன்றைக்கு நிஜமாகவே காத்தோ டடேயோவின் 64ஆவது படைப்பிரிவு ஹயபுசாக்களில் காவலுக்கு வந்திருந்தது. என் நண்பன் காத்தோவின் பரம ரசிகன். நடுவில் கி-21 குண்டுவீச்சு விமானங்கள், சுற்றிலும் அவனுடைய ஹயபுசாக்கள். மேசையின் மறு விளிம்பில் இருக்கும் துறைமுகத்துக்குக் குண்டுவீச்சு விமானங்கள் போய்ச் சேர்ந்தால் அவனுக்குப் புள்ளி.

நான் ஹயபுசாக்களைத் தொடவே இல்லை. இரண்டு ஜோடிகளை அகலமாகப் பிரித்து, உயரத்தைக் கடைசிவரை கையில் வைத்திருந்து, அவனுடைய காவல் விமானங்கள் என் ஒரு ஜோடியைத் தேடி முன்னால் வந்ததும் மற்ற ஜோடியைக் குண்டுவீச்சு விமானங்கள் மேல் இறக்கினேன். சுட்டேன், நேராக அடுத்த பக்கம் போனேன். அவன் ஹயபுசாவைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் நான் எட்டாத தூரத்தில் மறுபடி ஏறிக்கொண்டிருந்தேன். அதற்குள் முதல் ஜோடிக்கு வழி திறந்துவிட்டது. இந்த விளையாட்டில் அடி விழ விழ 'பூம்' வில்லைகள் சேரும். களத்தில் இருக்கும் விமானங்களைவிட வில்லைகள் கூடிவிட்டால் அந்த அணி முழுதும் கலைந்து வீடு திரும்பவேண்டும். அவனுடைய ஹயபுசாக்களில் பாதிக்கு மேல் ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் அணி கலைந்தது.

"இதுக்குப் பேரு சண்டையாடா? சுட்டுட்டு ஓடுறது!" என்றான். இன்றுவரை எனக்கு ஆறவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவனுடைய வேலை குண்டுகள் துறைமுகத்தில் விழாமல் தடுப்பது. ஹயபுசாவோடு அழகாக வட்டமடித்துவிட்டு, குண்டுவீச்சு விமானங்களை நிம்மதியாகப் போகவிட்டால் அதுதான் வீரமா? ரங்கூனின் மிங்கலடான் விமானத் தளத்திலிருந்து ஏறியவர்களுக்கு அந்தச் சொகுசு இல்லை. பக்கத்தில் காடு வேறு. அடிபட்ட விமானத்தோடு காட்டுக்கு மேலே சண்டையைத் தொடர்ந்து, குதிக்க நேர்ந்தால், உயிரோடு இறங்கினாலும் எத்தனை நாள் நடக்கவேண்டுமோ. துளையோடு தளத்துக்குத் திரும்பிய விமானம் மறுநாளும் பறக்கும்.

இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும். 'அவர்கள் கூலிக்குப் பறந்தவர்கள், வீழ்த்திய விமானம் ஒன்றுக்கு 500 டாலர் வாங்கினார்கள்' என்பார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. 'அவர்கள் வீழ்த்தியதாகச் சொன்ன கணக்கே ஊதிப்பெருக்கியது' என்பார்கள். அதுவும் சரி. ஏறக்குறைய 300 என்று அங்கீகரிக்கப்பட்ட எண்ணிக்கை, ஜப்பானியப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது பாதிக்கும் கீழே போய்விட்டது. நான் யாருக்கும் கோயில் கட்டவில்லை. சென்னால்டின் முறை அந்த விமானத்துக்குப் பொருத்தமானது என்று மட்டும்தான் சொல்கிறேன். கூடவே பறந்த பிரிட்டிஷ் 67ஆவது படைப்பிரிவின் பஃபலோ சண்டை விமான ஓட்டிகளை யாருமே நினைப்பதில்லை என்பது தனி வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த சினாரியோத் தொகுப்புகளில் ரங்கூன் துறைமுகம் என்பது மேசை விளிம்பில் ஒரு கோடு, அதற்கு ஒரு புள்ளி மதிப்பு. அங்கே இருந்தது யார் என்று ஒரு வரி கிடையாது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்கர்கள், ஒரியர்கள், அரிசி ஆலைகளில் நம் ஆட்கள், மொகல் தெருவில் செட்டியார் கடைகள். டிசம்பர் 23 அன்று விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்ற கூட்டத்தின் மேல் குண்டு விழுந்தது. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பின் டௌங்கப் கணவாய் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியாவுக்கு வந்தவர்களில் காலராவிலும் பசியிலும் வழியிலேயே போனவர்கள் பல்லாயிரம் பேர். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் விசாரித்துப் பாருங்கள், 'பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்' என்ற பேச்சு இல்லாத ஊர் குறைவு. விமானத்தின் வால் எண் வரைக்கும் சரிபார்த்து அச்சிடுகிறவர்களுக்கு இதற்கு ஒரு பத்தி ஒதுக்க இடமில்லையா? விளையாடுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. என் பிள்ளைகளோடும் ஆடுகிறேன். களத்தை விரிக்கும்போதே இதையும் சொல்லித்தான் தொடங்குகிறேன்.

சரி, உங்கள் ஆட்டத்துக்கு வருவோம். மேசையில் மேகங்கள் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். டிசம்பர் அங்கே வறண்ட காலம், வானம் வெளுத்துக் கிடக்கும். மேகத்துக்குள் ஒளிந்து வரும் ஹயபுசாக்கள் உங்கள் உயரத்தைச் சும்மா தின்றுவிடும். ஜோடியைப் பிரிக்காதீர்கள். சுட்ட சுற்றிலேயே திரும்பாதீர்கள், அடுத்த சுற்றும் நேராகவே போங்கள். ஹயபுசா எவ்வளவு ஆசை காட்டினாலும் குண்டுவீச்சு விமானத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். குண்டுவீச்சு விமானமே இல்லாமல் வெறும் சண்டை விமானங்களை வைத்து ஆட உங்கள் நண்பர் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள், அந்த ஆட்டத்தில் பி-40க்கு வேலையே கிடையாது.