பதில்: 34 வயதில் பிரஷர், சின்ன வயசு அடியும் காரணமா?

அப்பா குடித்துவிட்டு அடித்ததைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார் என்று எழுதியிருந்தீர்கள். சிரிக்கிற விஷயமில்லை சார். அமெரிக்காவின் சான் டியாகோவில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இதைத்தான் கேட்டார்கள்: வீட்டில் அடி, குடி, அம்மா அடிபடுவதைப் பார்த்தது. இவை கூடக்கூட இதய நோயும் கூடுதலாகத் தெரிந்தது. ராத்திரி அப்பா வருகிற கேட் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கிற பிள்ளைக்கு அட்ரினலின், கார்டிசால் என்கிற பதற்ற ஹார்மோன்கள் சும்மா சும்மா ஏறும். வருஷக்கணக்கில் அது உடம்பைத் தேய்க்கும். (எனக்கு 50 ஆகிறது, மொபெட் சத்தம் கேட்டால் இன்னும் தோள் இறுகும்.) சிகரெட் பிடிக்க ஆரம்பிப்பதும் பலருக்கு இதனால்தான்.

அதற்காக எல்லாப் பழியையும் அப்பா மேல் போட்டுவிடாதீர்கள். இந்த வயதில் பிரஷர் என்றால் கிட்னியையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டரை வேண்டுமானால் மாற்றுங்கள்.