கார் கேள்வி – பதில்: ஆளேற்றிப் பார்த்து வாங்குங்கள்

கே: எங்கள் ஊர்ப் பக்கம் ஒவ்வொரு தெருமுனையிலும் வேகத்தடை. இப்போதுள்ள கார் நாலு பேர் ஏறினாலே அடி உரசுகிறது. புதுக் காருக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் (காரின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) 170 மில்லிமீட்டர் போதுமா, 200 வேண்டுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி; ஏறி இறங்கச் சிரமம் இருக்கக் கூடாது. (வாசகர், துறையூர்)

ப: விளம்பரத் தாளில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலும் அது ஆளில்லாத காரில் அளந்தது. பெரியவர்கள் ஐந்து பேரும் டிக்கியில் சாமான்களும் ஏறினால் பின்பக்கம் மூன்று, நான்கு சென்டிமீட்டர் இறங்கிவிடும். ஸ்பிரிங் மென்மையான காரில் இன்னும் இறங்கும். 180 என்று போட்ட கார், உங்கள் குடும்பம் உட்கார்ந்த பிறகு 140-தான்.

அடுத்தது வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம். இது நீளமாக இருந்தால் வேகத்தடையின் முகடு காரின் நடுவயிற்றில் தட்டும். 170 கிளியரன்ஸ் உள்ள ஒரு நீள செடான் உரசும் இடத்தில், அதே 170 உள்ள குட்டி ஹேட்ச்பேக் தட்டாமல் போய்விடும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிக் கட்டினால் சாதாரணக் கார்கள் பெரும்பாலும் உரசாது. ஊர்க்காரர்கள் ஒரே இரவில் போடும் தடைகள் அகலம் குறைந்து, உயரம் கூடி, செங்குத்தாக நிற்பதுதான் சிக்கல்.

டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் உள்ளவர்கள் அனைவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். ஷோரூம் முன்னால் உள்ள நெடுஞ்சாலையில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தெருவில் இருக்கும் மிக மோசமான வேகத்தடையில், எல்லோரும் உட்கார்ந்த நிலையில், நேராகவும் கொஞ்சம் சாய்வாகவும் ஏற்றி இறக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, சைலன்சர் குழாயின் அடிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். கார் நம்முடையது ஆகும் முன்பு இதைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

டயரையும் கவனியுங்கள். ஒரே மாடலில் விலை கூடிய வேரியன்ட்டில் பெரிய அலாய் வீல் தருவார்கள். பல கார்களில் அதற்குத் தக்கபடி ரப்பரின் உயரம் குறைந்துவிடும். 175/65 ஆர்14 டயரில் பக்கச்சுவர் 114 மில்லிமீட்டர். 195/55 ஆர்16-இல் 107 மட்டுமே. பள்ளத்தில் வேகமாக இறங்கினால் மெல்லிய பக்கச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி உள்நூல் அறும், பிறகு புடைத்துக்கொள்ளும். அதற்குப் பஞ்சர் ஒட்டுவதைப் போல வைத்தியம் கிடையாது, டயரைத்தான் மாற்ற வேண்டும்.

அம்மாவுக்கு இருக்கையின் உயரம்தான் முக்கியம். அவர் நின்றால் இருக்கையில் உட்காரும் பகுதியின் மேல்விளிம்பு இடுப்புக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். மிகத் தாழ்ந்த செடானில் எழுந்திருக்கும்போது முழங்கால் வலிக்கும். மிக உயர்ந்த எஸ்யூவியில் ஏறும்போது வலிக்கும். உயரமான ஹேட்ச்பேக், காம்பாக்ட் எஸ்யூவி இரண்டிலும் அவரையே உட்கார வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கே: அலுவலகம் 8 கிலோமீட்டர். வருடத்துக்கு இரண்டு முறை சொந்த ஊர்ப் பயணம். டீசல் கார் மைலேஜ் கூட என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (வாசகி, கோயம்புத்தூர்)

ப: உங்களுக்கு டீசல் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92, மைலேஜ் முறையே 15, 20 என்று வைத்தால், கிலோமீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் சொச்சம். டீசல் வேரியன்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை 1.3 லட்சம் என்றால், அதை மீட்க ஏறத்தாழ 63,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஆண்டுக்கு 7,000 ஓடும் உங்களுக்கு அது ஒன்பது வருடம்.

பணத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் தானாக எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு ஏற, கார் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று, 8 கிலோமீட்டரில் அணைத்துவிட்டால் கரி எரியாமல் தேங்கும். டேஷ்போர்டில் விளக்கு எரியும். அப்போதே புறவழிச்சாலையில் 60-க்கு மேல், இன்ஜின் சுழற்சி 2,000 ஆர்பிஎம்-க்குக் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) குறையாமல் 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விளக்கைக் கவனிக்காமல் விட்டால் இன்ஜின் சக்தி குறைந்து, ஒர்க்‌ஷாப்பில்தான் கரியை எரிக்க முடியும்.

பெட்ரோலே எடுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பெட்ரோல் கார்களின் எரிபொருள் குழாய், சீல்கள் 20 சதவீத எத்தனால் கலப்பைத் தாங்கும் வகையில் செய்யப்பட்டவை. மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறையும். எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிடக் குறைவு.

கே: மாதம் ஒருமுறை குடும்பத்தோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போவோம். ஆட்டோமேட்டிக் வாங்கலாமா? (வாசகர், நாமக்கல்)

ப: வாங்கலாம், எந்த ஆட்டோமேட்டிக் என்பதில்தான் விஷயம். காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். விலை மலிவான ஏஎம்டி-யில் சாதாரண கியர்பாக்ஸும் கிளட்சும்தான். காலுக்குப் பதில் மோட்டார் மிதிக்கிறது. வளைவில் பேருந்துக்கு வழிவிட நின்று, ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியபடி காரைப் பிடித்து வைத்தால் கிளட்ச் வழுக்கித் தேயும், கருகல் வாடை வரும். பிரேக்கால் பிடியுங்கள். ஹில் ஹோல்ட் இருந்தால் பிரேக்கிலிருந்து கால் எடுத்த பிறகும் ஓரிரு நொடி பின்வாங்காது. ஏஎம்டி வாங்கினால் அந்த வசதி இல்லாத வேரியன்ட்டைத் தொடாதீர்கள்.

டார்க் கன்வெர்ட்டர் வகையில் எண்ணெய் வழியாகவே சுழற்சி கடத்தப்படுவதால் நின்று நின்று ஏறுவது அதற்குச் சுலபம். என் தேர்வு இதுதான், மைலேஜ் சற்றுக் குறைந்தாலும்.

1.2 லிட்டர் டர்போ இல்லாத இன்ஜின், ஐந்து பேர், ஏசி: இந்தச் சேர்க்கையில் வளைவுகளில் முதல் கியர் கட்டாயம் வேண்டும். ஆட்டோமேட்டிக் தானாக இரண்டாவதிலேயே திணறினால் மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். இறங்கும்போதும் அப்படியே, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் பாதி மலையில் சூடேறி, மிதி அழுந்தியும் கார் நிற்காது. ஏறும் வண்டிக்கு வழிவிடுவது இறங்குபவர் கடமை. நம் மலைச்சாலைகளில் இதை மறப்பவர்கள் அதிகம்.

கே: ஒரு வேரியன்ட் 9.85 லட்சம், அடுத்தது 10.20 லட்சம். 35 ஆயிரம்தானே, மேலே போகலாமா? (வாசகர், மதுரை)

ப: தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையான காருக்குச் சாலை வரி 13 சதவீதம்; 10-ஐத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும். முதல் காருக்கு 1.28 லட்சம், இரண்டாவதற்கு 1.84 லட்சம். உங்கள் 35 ஆயிரம் உண்மையில் 90 ஆயிரம். சன்ரூஃபுக்காக என்றால் வேண்டாம். இஎஸ்சி (கார் வழுக்கும்போது தடம் மாறாமல் பிடிக்கும் வசதி), ஆறு ஏர்பேக் இரண்டும் மேல் வேரியன்ட்டில்தான் வருகிறது என்றால் கொடுங்கள்.

கே: வேளச்சேரியில் இருக்கிறோம். மழைக்கு எஸ்யூவி உதவுமா? (வாசகி, சென்னை)

ப: ஓரளவு. கார் உயரத்தைவிட, காற்று இழுக்கும் குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். நீர் அதற்குள் போனால் பிஸ்டனால் நீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் நீர் நின்றால் எந்தக் காரையும் அதில் இறக்காதீர்கள். நடுவில் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. அந்தச் சேதம் சாதாரண பாலிசியில் வராது; இன்ஜின் பாதுகாப்பு இணைப்பைத் தனியாகச் சேருங்கள்.

கே: டெலிவரிக்கு முன் என்ன பார்க்க வேண்டும்? (வாசகர், தஞ்சாவூர்)

ப: பதிவு செய்வதற்கு முன், பகல் வெளிச்சத்தில், உங்களுக்கென்று ஒதுக்கிய சேஸிஸ் எண் உள்ள காரையே பாருங்கள். தயாரிப்பு மாதம், ஐந்து டயர்களிலும் உள்ள நான்கு இலக்க எண் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு), ஓடிய கிலோமீட்டர், கதவு விளிம்புகளின் பெயின்ட், ஏசி, கண்ணாடிகள், ஸ்டெப்னி, ஜாக்கி. குறை இருந்தால் எழுத்தில் வாங்குங்கள். பதிவெண் விழுந்துவிட்டால் காரை மாற்றித் தரமாட்டார்கள், பெயின்ட் அடித்துத்தான் தருவார்கள்.