புது மானிட்டரில் எழுத்து மங்கலாகத் தெரிகிறதா? கேள்வி பதில்

24 அங்குல மானிட்டர் வாங்கி மடிக்கணினியோடு இணைத்தேன். புகைப்படங்கள் அருமையாக இருக்கின்றன. எழுத்து மட்டும் மை கசிந்த தாள் போல இருக்கிறது. திருப்பிக் கொடுக்க இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. கொடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் மானிட்டரின் அடியிலோ பின்புறமோ உள்ள பொத்தானை அழுத்தி, அதன் சொந்த மெனுவை வரவழையுங்கள். அந்த மெனுவைக் கணினி அனுப்புவதில்லை, மானிட்டரே வரைகிறது. அதன் எழுத்துகள் கத்தியால் வெட்டியதுபோல் இருந்து, சுற்றிலும் உள்ள எழுத்துகள் மங்கியிருந்தால் திரையில் கோளாறு இல்லை. வந்து சேரும் படம்தான் சரியில்லை.

உங்கள் மடிக்கணினியின் திரை 1366 × 768 பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி) ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு திரையிலும் ஒரே படம் தெரியும்படி டூப்ளிகேட் முறையில் வைத்திருந்தால், புது மானிட்டருக்கும் அதே அளவுதான் போகும். அதிலோ 1920 × 1080 பிக்சல்கள் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. 15 புள்ளிக் கோலத்தை 21 புள்ளி வைத்த வாசலில் அதே அகலத்துக்கு இழுத்துப் போட்டால் என்ன ஆகும்? கோடுகள் புள்ளியில் விழாமல் இடைவெளியில் விழும். இங்கும் அதே கணக்கு: ஒரு புள்ளிக்கு 1.4 பிக்சல். பாதிப் பிக்சலை ஏற்ற முடியாது என்பதால் மானிட்டர் அங்கே சாம்பல் நிறத்தைப் பூசுகிறது. புகைப்படத்தில் நிறங்கள் ஏற்கெனவே ஒன்றோடொன்று கலந்திருப்பதால் இது கண்ணில் படாது. எழுத்தின் விளிம்பு வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரே எட்டில் தாவ வேண்டியது. அடி அங்கேதான் விழுகிறது.

விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தி எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிஸ்பிளே செட்டிங்ஸில் புது மானிட்டரைச் சொடுக்கி, ரெசல்யூஷனை ரெகமண்டட் என்று குறித்திருக்கும் அளவுக்கு மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் 'ட' என்ற எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நேர்க்கோடும் படுக்கைக்கோடும் மட்டுமே உள்ள எழுத்து அது. முன்பு கோட்டின் இருபுறமும் புகை படிந்திருக்கும், பின்பு புகை விலகியிருக்கும். விளிம்பில் இலேசான சிவப்பும் நீலமும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது வேண்டுமென்றே செய்யப்படுவது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ரெசல்யூஷன் சரியாக 1920 × 1080 இருக்கிறது. ஆனாலும் சில பத்திகள் தெளிவாகவும் சில பத்திகள் நிழலடித்தும் தெரிகின்றன. நீலத் தலை கொண்ட கேபிள்.

நீலத் தலையும் 15 ஊசியும் இருந்தால் அது விஜிஏ. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த இணைப்பு. பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர்களுக்காகப் பிறந்தது. கணினிக்குள் எண்ணாக இருப்பதை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றி அனுப்புகிறது; மானிட்டர் அதைப் பிக்சல் பிக்சலாக மறுபடி அளக்கிறது. அளக்கும் கணம் சற்றுத் தப்பினால் பக்கத்துப் பிக்சலின் சாயல் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் பட்டை பட்டையான மங்கல் இதற்கே உரிய அடையாளம்.

திரை முழுவதும் எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, மெனுவில் ஆட்டோ அட்ஜஸ்ட் அழுத்துங்கள். வெற்றுத் திரையில் அழுத்தினால் அளவெடுக்க அதற்கு எதுவும் கிடைக்காது. மங்கல் மிச்சம் இருந்தால், அளக்கும் வேகத்தையும் கணத்தையும் மாற்றும் கிளாக், ஃபேஸ் இரண்டையும் அதே வரிசையில் கையால் திருத்துங்கள். இரு பக்கமும் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளேபோர்ட் துளை இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கேபிளை வாங்கிவிடுவதே மேல்.

43 அங்குல 4கே (3840 × 2160 பிக்சல்) டிவியைக் கணினித் திரையாக வைத்திருக்கிறேன். கறுப்பு எழுத்து பரவாயில்லை. சிவப்பு எழுத்து அழுகிப்போனதுபோல் இருக்கிறது.

டிவி நிறத் தகவலைச் சிக்கனப்படுத்துகிறது. வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக வருகிறது. நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றாக வருகிறது. சினிமா பார்க்க அது போதும், எழுத்துக்குப் போதாது. அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் வகையை பிசி என்று மாற்றுங்கள். விளிம்புகளை வெட்டிப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேன் வசதியையும் நிறுத்துங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் அது மறையும்வரை ஷார்ப்னஸைக் குறையுங்கள். கூட்டினால் தெளியும் என்று பலர் நம்பி ஏமாறும் இடம் இது. கணினியின் வெளியீடு எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே-யில் முழு நிறத்தை விநாடிக்கு 30 முறைதான் அனுப்பும்; 60 முறைக்கு 2.0 வேண்டும்.

எல்லாம் தெளிவு. எங்கள் அலுவலகக் கணக்கு மென்பொருள் மட்டும் மங்கல்.

டிஸ்பிளே செட்டிங்ஸில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேல் 125 அல்லது 150 சதவீதத்தில் இருக்கிறது அல்லவா? பழைய மென்பொருளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. தன் போக்கில் சிறிய படத்தை வரைந்து கொடுக்கிறது, விண்டோஸ் அதை இழுத்துப் பெரிதாக்குகிறது. அதன் ஐகானை வலது கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று போங்கள். கடைசியில் உள்ள ஓவர்ரைடு கட்டத்தை டிக் செய்து அப்ளிகேஷன் என்று வையுங்கள். எழுத்து தெளிந்துவிடும், ஆனால் சிறுத்துவிடும். சிறுத்தது தாங்காவிட்டால் அதே பட்டியலில் சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்பதையும் சோதியுங்கள். சில மென்பொருள்களில் இரண்டு நன்மையும் கிடைக்கிறது.

ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. தமிழ் மட்டும் குழைந்து தெரிகிறது. மெய்ப்புப் பார்க்கும் வேலை என்னுடையது. கி எது, கீ எது என்றே தடுமாறுகிறேன்.

உங்கள் சிரமம் எனக்கு நன்றாகப் புரிகிறது. தமிழைச் சின்ன எழுத்தில் காட்டுவதில் ஒரு நெருக்கடி இருக்கிறது. 9 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்துக்கு, வழக்கமான 100 சதவீத ஸ்கேலில் கிடைப்பது 12 பிக்சல் உயரம்தான். கீ-யின் கொம்புச் சுழியும், ண-வின் மூன்று சுழியும், மெய்யின் புள்ளியும் அதற்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத்தின் 'ஓ'வுக்கு இந்த அவதி இல்லை. ஆகவே மெய்ப்புப் பார்க்கையில் 12 புள்ளிக்குக் கீழே இறங்காதீர்கள், அப்போது 16 பிக்சல் கிடைக்கும். அச்சுக்குப் போகும் அளவு வேறு, கண் படிக்கும் அளவு வேறு. வேர்டில் ஜூமை 150 ஆக்கினாலே போதும்.

அடுத்தது எழுத்துரு. விண்டோஸ் 2000 காலத்து லதாவைவிட, விண்டோஸ் 8 முதல் உடன் வரும் நிர்மலா யுஐ திரைக்கு இதமாக இருப்பது என் அனுபவம். மூன்றாவது கிளியர்டைப். ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகளால் ஆனது. அந்தப் பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி, கிடைமட்டத்தில் எழுத்தின் விளிம்பை நுணுக்கமாகச் சீவுகிறார்கள். உருப்பெருக்கியில் தெரிந்த சிவப்பும் நீலமும் இதுதான். ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று தேடி, வரும் மாதிரிகளில் கண்ணுக்கு இதமானதைத் தேர்ந்தெடுங்கள். மாதிரிகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழுக்கும் பலன் உண்டு.

மேக் கணினியில் 1080 மானிட்டர் இணைத்தால்?

2018இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து அந்தப் பட்டை நுட்பத்தை ஆப்பிள் கைவிட்டுவிட்டது. நெருக்கமான பிக்சல் கொண்ட திரையில் அது தெரியாது. 27 அங்குல 1080 திரையில் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் என்பதால் நன்றாகவே தெரியும். மேக் வைத்திருப்பவருக்கு நான் 4கே-யைத்தான் சொல்வேன்.

எல்லாம் செய்துவிட்டேன். மங்கல் போகவில்லை. வயது 52.

முதுகை முன்னால் சாய்த்து, புத்தகம் பிடிக்கும் தூரத்தில் திரையைப் பாருங்கள். அங்கே தெளிந்தால் மானிட்டரைத் தொட வேண்டாம். வாசிப்புக் கண்ணாடி பெரும்பாலும் 40 செ.மீ. தூரத்துக்குக் கொடுக்கப்படுகிறது, மானிட்டரோ 60, 70 செ.மீ. தள்ளி இருக்கிறது. இருபார்வைக் கண்ணாடி என்றால் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பீர்கள், மாலையில் கழுத்து வலிக்கும். நாற்காலியில் வழக்கம்போல் உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரைவரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கண் பரிசோதனையின்போது சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி செய்து தருவார்கள்.