சுவிட்ச் போடும்போது மட்டும் பியூஸ் போனால் கூடின ஆம்பியர் போடலாமா?

உப்புவெளியிலிருந்து வந்த கேள்வி: கரண்ட் போய் உடனே திரும்பி வந்தால் அம்ப்ளிஃபையர் சப்ளையின் பியூஸ் போகிறது, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாளும் போவதில்லை, 2 ஆம்பியருக்குப் பதிலாக 5 போடலாமா?

போடாதீர்கள். ஓடும்போது தாங்குகிற பியூஸுக்கு ஆம்பியர் போதாது என்று எப்படிச் சொல்வது? சிக்கல் தொடக்கப் பாய்ச்சலில் இருக்கிறது. நம் 230 வோல்ட்டின் உச்சம் கிட்டத்தட்ட 325 வோல்ட். ஸ்விட்ச் மோட் சப்ளையில் ரெக்டிஃபையருக்கு (ஏசியை டிசியாக்கும் பகுதி) பின்னாலுள்ள பெரிய கப்பாசிற்றர் வெறுமையாக இருக்கையில் கரண்ட் வந்தால், முதல் சில மில்லிசெக்கனுக்கு அது ஷோர்ட் மாதிரித்தான். அதை மட்டுப்படுத்தத்தான் என்டிசி (NTC) என்ற வட்டத் துண்டை வைக்கிறார்கள், சூடானால் தடை குறையும் ரெசிஸ்டர் அது. அதன்மேல் 5டி-9 (5D-9) என்றிருந்தால் 25 பாகைச் சூட்டில் 5 ஓம். 325ஐ 5ஆல் வகுத்தால் 65 ஆம்பியர், அதற்கு மேல் ஏறாது. ஓட ஓட அது சூடாகி ஓம் இறங்கிவிடும். கரண்ட் போனதும் கப்பாசிற்றர் காலியாகிவிடும், ஆனால் என்டிசி ஆற ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். அதற்குள் கரண்ட் வந்தால் தடுக்க ஆளில்லை. உங்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். கரண்ட் போனவுடன் சுவிட்சை நிறுத்துங்கள், வந்தபின் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள்.

அடுத்தது, பியூஸின் மூடியில் உள்ள எழுத்து. 'டி' (T) மெதுவாக உருகும், 'எஃப்' (F) உடனே போகும். போர்டில் டி2ஏ என்றிருக்கும் இடத்தில் கடையில் கிடைத்த எஃப்2ஏ ஏறியிருந்தால் அது போகத்தான் செய்யும். பழையது பீங்கான் என்றால் புதியதும் பீங்கானாகவே இருக்கட்டும். பெரிய ஷோர்ட் கரண்ட்டைச் சாதாரணக் கண்ணாடி பியூஸால் பத்திரமாக அறுக்க முடியாது.

எம்ஓவியும் பார்வைக்கு என்டிசி மாதிரியே இருக்கும், கடைக்காரரே மாற்றித் தருவதுண்டு. இடிக்கான காவல் எம்ஓவி. அது லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே நிற்கும். ஐப்பசி இடிக்கு அதை மட்டும் நம்பாமல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சரியான டி பியூஸும் கண்ணாடி கறுத்துப் போனால் உள்ளே உண்மையான ஷோர்ட். 100 வாட் குண்டு பல்பைச் சப்ளைக்குத் தொடரில் போட்டுப் பாருங்கள். பல்ப் அணையாமல் பிரகாசமாக எரிந்தால் ரெக்டிஃபையரையும் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரையும் மீற்றரால் சோதிக்க வேண்டும், பிளக்கைக் கழற்றி, கப்பாசிற்றரில் தேங்கிய மின்னை இறக்கிய பிறகு.