வயிற்றின் வரிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 27 வயது. மூன்று ஆண்டுகளாக ஜிம்முக்குப் போகிறேன். தொடக்கத்தில் 40 கிலோவுக்கே திணறியவன், இன்று 90 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிறேன். ஆனால் சிக்ஸ் பேக் மட்டும் வரவில்லை. எட்டு மாதங்களாக மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். காலையில் எழுந்தால் தலை சுற்றும், அது பழகிவிட்டது. நண்பர்களோடு நீந்தப் போனால் சட்டையைக் கழற்றக் கூச்சமாக இருக்கிறது. இது சினிமா உண்டாக்கிய மயக்கம் என்கிறார்கள். ஆனால் கிரேக்கச் சிலைகளிலேயே இந்த வயிறு இருக்கிறதே? அப்படியானால் இதுதானே ஆணழகின் இலக்கணம்? நான் இன்னும் கடுமையாக முயல வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

சிலைகளைப் பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாலிகிளிட்டஸ் வடித்த, ஈட்டி ஏந்திய இளைஞனின் வயிற்றில் தசைப் பிரிவுகள் தெளிவாகவே தெரிகின்றன. ஆனால் அந்தச் சிற்பி அழகைத் தேடியது வயிற்றில் அல்ல, விரலுக்கும் விரலுக்கும், விரல்களுக்கும் உள்ளங்கைக்கும், கைக்கும் முழு உடலுக்கும் இடையிலான அளவுப் பொருத்தத்தில். அத்தகைய சிலைகளை அளந்து பார்த்துத் தன் உடலை வளர்த்த உடற்கட்டு வீரர் யூஜென் சாண்டோ 1901இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பெரிய உடலழகுப் போட்டி ஒன்றை நடத்தியபோது, தசைகளின் சமநிலையோடு பொது உடல்நலத்தையும் தோலின் நிலையையும்கூட நடுவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். வயிற்றை மட்டும் தனியே பிரித்து, அதையே ஆணின் மதிப்பெண்ணாக்கியது பிற்காலத்து வேலை. 1964இல் விற்பனைக்கு வந்த ஜி.ஐ. ஜோ என்ற வீரர் பொம்மை, அடுத்த முப்பது ஆண்டுகளில் தசை பருத்து, வரிகள் கூர்மையாகி வந்ததை 1999இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. சிறுவன் கையில் வைத்து விளையாடிய உருவமே மாறிவிட்டது என்பதுதான் எனக்கு அதில் வேதனையானது.

இனி, அந்த வயிறு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை இறங்கும் நேர்தசை நம் எல்லோருக்கும் இருக்கிறது. நடுவே ஒரு நார்க்கோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. குறுக்கே ஓடும் தசைநார்ப் பட்டைகள் கட்டங்களாகப் பிரிக்கின்றன. எத்தனை பட்டைகள், அவை நேராக ஓடுமா கோணலாக ஓடுமா என்பதெல்லாம் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. சிலருக்கு நான்கு கட்டங்கள், சிலருக்கு எட்டு. எந்தப் பயிற்சியும் அந்த எண்ணிக்கையை மாற்றாது. அவை வெளியே தெரிவதற்கு மேலிருக்கும் கொழுப்பு மெலிய வேண்டும். ஆணின் உடல் எடையில் கொழுப்பு ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதத்துக்கு இறங்கும்போதுதான் பெரும்பாலோருக்கு அது நடக்கிறது. கொழுப்பை எங்கிருந்து முதலில் எடுப்பது என்பதை உடலே தீர்மானிக்கிறது, பலருக்கு வயிறு கடைசியில்தான் வருகிறது. ஆகவே வரி தெரியாதது வலிமையின்மைக்கு அடையாளம் அல்ல. நீங்கள் 90 கிலோவோடு எழும்போது முதுகெலும்பைத் தாங்கிப் பிடிப்பவற்றில் இதே வயிற்றுத் தசையும் ஒன்று. கண்ணுக்குத் தெரியாமலே அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

உடலழகுப் போட்டிக்குத் தயாரான நண்பர் ஒருவரை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மேடையேறுவதற்கு முந்தைய இரண்டு நாட்களும் அவர் தண்ணீரை அளந்து, வாயை நனைக்கும் அளவுக்கே குடித்தார். உதடு வெடித்திருந்தது, வெயிலிலும் குளிர்கிறது என்று போர்வை கேட்டார், பேச்சு பாதியிலேயே நின்றுபோகும். மேடையில் விளக்கொளியும் எண்ணெய்ப் பூச்சும் சேர்ந்தபோது அவர் வயிறு செதுக்கியதுபோல இருந்தது. மூன்றாம் நாள் அந்த வரிகளில் பாதி இல்லை. திரையில் நாம் பார்ப்பதும் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்து உடலைத்தான். சட்டையில்லாத காட்சிகளுக்காக மூன்று நாள் உடலின் நீரை வற்ற வைத்ததைப் பற்றி நடிகர் ஹென்றி கேவில் 2019இல் தொலைக்காட்சிப் பேட்டியில் வெளிப்படையாகவே பேசினார். அத்தகைய உடலுக்காக நீர் வெளியேற்றும் மாத்திரை எடுத்ததையும், தூக்கமின்மையும் மனச்சோர்வும் வந்ததையும் மற்றொரு நடிகர் ஜாக் எஃப்ரான் 2022இல் சொன்னார். பயிற்சியாளரும் சமையல்காரரும் உடனிருந்தவர்களின் நிலையே இது.

இன்னும் கடுமையாக முயல வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்றே சொல்வேன். தன் உடல் போதுமான அளவு தசைப்பிடிப்போடு இல்லை என்ற எண்ணம் விடாமல் வாட்டுவதை, உடல்தோற்றக் கோளாற்றின் ஒரு வகையாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் சேர்த்தது. உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளில் தூக்கும் எடையை இருமடங்குக்கும் மேல் உயர்த்திய ஒருவர், சட்டையைக் கழற்றக் கூசி நீரில் இறங்காமல் கரையில் நிற்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறொரு வரியை. காலையில் தலை சுற்றுகிறது, பழகிவிட்டது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். எட்டு மாதமாக எதையெல்லாம் நிறுத்தினீர்கள் என்பதையும், ஏதாவது பவுடரோ மாத்திரையோ எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.