மடிப்பில் விட்டுப்போன முகூர்த்தப் பட்டு: சரிகைக்காரருக்கா, தையல் மெஷினுக்கா?

கேள்வி: அம்மாவின் முகூர்த்தப் பட்டு, 1971-ல் காஞ்சிபுரத்தில் எடுத்தது. அரக்கு உடல், பச்சைக் கரை, இரண்டு பக்கமும் நாலு விரற்கடைச் சரிகை. எடை 700 கிராம். மடிப்புகளில் ஆறேழு இடம் விட்டிருக்கிறது. கரையை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்தும் இருக்கிறது. எட்டு வயது மகளுக்குப் பாவாடை சட்டை தைக்க ஆசை. தையல்காரரோ, “பழைய பட்டு தாங்காதும்மா” என்று கையை விரிக்கிறார். தெருவில் பழைய பட்டு வாங்க வருபவர் சரிகையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, “செம்பு கலந்தது, 3,500 ரூபாய் தரலாம்” என்றார். வெள்ளிக்கிழமை மறுபடி வருவாராம். கொடுத்துவிடலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வெள்ளிக்கிழமை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். கொடுக்கவேண்டி வந்தாலும் அவரிடம், அந்த விலைக்கு, வாசலில் வைத்துக் கொடுக்காதீர்கள்.

அவர் சரிகையைச் சுரண்டியதும் சிவப்பாக ஏதோ தெரிந்திருக்கும். “பாருங்கம்மா, உள்ளே செம்பு” என்றிருப்பார். இந்த வியாபாரத்தில் இதைவிடப் பழைய தந்திரம் கிடையாது. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குத் தங்க முலாம் கொடுத்தது. உள்ளே ஓடும் அந்தப் பட்டு நூலுக்குச் சிவப்புச் சாயம் போடுவது வழக்கம். சுரண்டினால் சிவப்பு தெரிவது நல்ல அடையாளம். அதையே குறையாகக் காட்டி விலையைப் பாதியாக்குகிறார்கள்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முந்தி முடியும் ஓரத்தில் தொங்கும் சரிகை இழை ஒன்றை இரண்டு அங்குலம் வெட்டி வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். ஊசி முனையால் ஒரு நுனியை நெருடினால் தட்டைக் கம்பி சுருள் சுருளாகக் கழன்று வரும். கழன்ற சுருளின் உள்பக்கம் வெள்ளையாக மின்னி, நடுவில் மிஞ்சிய நூல் சிவப்பாக, மெத்தென்று இருந்தால் வெள்ளிச் சரிகை. சுருளே செம்பு நிறத்தில் இருந்து நடுநூல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் செம்பில் முலாம் பூசியது. தீயில் காட்டியதும் இழை முழுவதும் உருகிக் குண்டுமணி போல் இறுகினால் பிளாஸ்டிக். நிறமாற்றமும் துப்புக் கொடுக்கும். வெள்ளி பெரும்பாலும் கறுக்கும், செம்பு பச்சை பூக்கும். கறுத்த சரிகையைக் காட்டி, “செத்துப்போச்சு” என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இப்போது விலைக்கு வருவோம். நெசவாளர்கள் சரிகையை மார்க் கணக்கில் சொல்வார்கள். ஒரு மார்க் சுமார் 240 கிராம். உங்கள் 700 கிராம் புடவையில் அரை மார்க்தான் ஓடியிருக்கிறது என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். அது 120 கிராம். அதில் பாதி வெள்ளி என்றால் 60 கிராம். கிராமுக்கு 100 ரூபாய் என்று போட்டாலும் 6,000 ஆகிறது. அன்றைய நாளிதழில் இருக்கும் வெள்ளி விலையை நீங்களே 60-ஆல் பெருக்கிப் பாருங்கள். உருக்குபவருக்குச் செலவும் லாபமும் உண்டு, முழு விலை கொடுக்க முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 3,500-ஆ?

நீங்கள் கேட்காவிட்டாலும் தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. “தங்கச் சரிகை” என்ற பேச்சில் மயங்கி லட்சக் கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முலாமில் உள்ள தங்கம் சரிகையின் எடையில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. அதில் லட்சமெல்லாம் தேறாது.

இந்தக் குழப்பத்துக்கு அந்தத் தெரு வியாபாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு தங்க வளையல் வாங்கினால் ஹால்மார்க் இருக்கிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கடையில் சில்க் மார்க் சீட்டையும் தொங்கவிடுகிறார்கள். அந்தச் சீட்டு பட்டு அசல் என்று மட்டுமே சொல்லும், சரிகைக்குப் பொறுப்பேற்காது. விலையில் பெரும்பங்கு சரிகைக்குப் போகும் புடவையில் சரிகையைப் பற்றி ஒரு வரி எழுதித் தரப் பெரும்பாலான கடைகளில் ஆளில்லை. பில்லில் சரிகையின் எடையையும் வெள்ளி விகிதத்தையும் அச்சடித்துக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? அது இருந்தால் ஐம்பது வருடம் கழித்து நீங்கள் இந்தக் கேள்வியை எழுத வேண்டியிருக்காது.

சரி, துணிக்கு வருவோம். “பழைய பட்டு தாங்காது” என்று தையல்காரர் மொத்தமாகச் சொன்னது பாதிதான் உண்மை. ஒரே புடவையில் சில இடம் தாங்கும், சில இடம் தாங்காது. அதைப் பிரித்துப் பார்க்கப் பொறுமை வேண்டும். பகலில் புடவையை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிக்கண் போல் வெளிச்சம் வரும் இடங்களைச் சுற்றி வெள்ளை நூலால் பெரிய ஓட்டுத்தையல் போட்டுக்கொள்ளுங்கள். பேனா, சாக்பீஸ் வேண்டாம். பிறகு நன்றாக இருப்பதாகத் தெரியும் இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் இரண்டு அங்குல இடைவெளியில் வைத்து மெல்ல இழுங்கள். முதலில் பாவு (நீள நூல்) வாக்கில், பிறகு ஊடை (குறுக்கு நூல்) வாக்கில். சத்தமே இல்லாமல் கொடுத்து மீண்டால் தைக்கலாம். ‘சர்’ரென்று மெல்லிய ஓசை வந்தால் அந்த இடம் குஷன் உறைக்கோ சட்டம் போட்டு மாட்டவோதான் ஆகும். விட்டே போனால் அங்கே கரையை மட்டும் காப்பாற்றுங்கள். உட்காரும் இடம், கொசுவம், பீரோவில் வெளிப்பக்கம் இருந்த மடிப்பு ஆகிய மூன்றும்தான் பொதுவாக முதலில் போகும்.

கரையை ஒட்டி ஒரு சாண் பிரிந்திருக்கிறது என்றீர்களே, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தையல்காரர் அதைப் பார்த்துத்தான் மிரண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அது கிழிசல் இல்லாமலும் இருக்கலாம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றிருக்கும் காஞ்சிப் புடவை பெரும்பாலும் கோர்வையாக நெய்ததாக இருக்கும். தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக் கோத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் இடுப்பில் செருகி இழுத்ததில் அந்தக் கொக்கி விட்டிருக்கலாம். பூதக்கண்ணாடியில் பிரிந்த இரண்டு ஓரத்தையும் பாருங்கள். பிசிராக, பஞ்சு போல் நின்றால் அது கிழிசல். சின்னச் சின்ன வளையங்கள் வரிசையாக நின்றால் கோர்வை விட்டிருக்கிறது, இரண்டு பக்கப் பட்டும் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் கையால் சேர்த்துவிடலாம். நிறம் பொருந்தும் ஒற்றை இழைப் பட்டு நூலும் 10-ஆம் நம்பர் ஊசியும் போதும். புடவையை மேஜையில் தட்டையாக விரித்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு வளையம், அந்தப் பக்கம் ஒரு வளையம் என்று மாற்றி மாற்றிக் கோத்துப் போங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு தையல். இறுக்கக் கூடாது, இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டால் போதும். இறுக்கினால் கரை சுருக்கம் விழுந்து அடுத்த விரிசல் பக்கத்திலேயே ஆரம்பிக்கும். முடிச்சுப் போடாமல், பிரியாத பகுதிக்குள் அரை அங்குலம் நூலைச் செலுத்தி விட்டுவிடுங்கள். கீழே பழைய ஃபால்ஸ் இருந்தால் அதை முதலில் பிரித்து எடுக்கவேண்டும். ஃபால்ஸ் சுருங்கிக் கரையை இழுத்துத்தான் பல புடவைகளில் கோர்வை விடுகிறது. தையல் மெஷினில் ஜிக்ஜாக் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஒருவேளை மடிப்பு விரிசல்கள் ஓரிரு இடத்தோடு நின்று, பெரிய சேதம் கோர்வையில்தான் என்று தெரியவந்தால், வெட்டாமல் புடவையாகவே வைத்துக்கொள்ளலாம். கத்தரிக்கோலை எடுக்குமுன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெட்டத்தான் வேண்டும் என்றால் பாவாடைக் கணக்கு இது. மகளுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 27 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். பட்டிக்கு 1 அங்குலம், வளர்த்திக்கு 3, ஆக 31. கரையின் ஓரமே கீழ் விளிம்பாகிவிடுவதால் மடித்துத் தைக்க எதுவும் விடவேண்டாம். புடவை அகலம் 48 என்றால் மீதி 17 அங்குலம், மறுபக்கக் கரையோடு கையில் இருக்கும். சட்டைக்கும் கைக்கும் அது போதும். நீளம் இரண்டரை மீட்டர் வேண்டும். ஒரே துண்டாக நல்ல பட்டு கிடைக்காவிட்டால் கெட்ட மடிப்புகளை வெட்டி எறிந்து மூன்று துண்டாக இணைத்து, இணைப்புகளைக் கொசுவத்துக்குள் மறைக்கலாம். மிச்சமிருக்கும் பழைய மடிப்புக் கோடு கொசுவத்தின் விளிம்பில் விழக் கூடாது, உள்ளே தட்டையாகப் படியவேண்டும். வளர்த்திக்கான டக்கைப் பாவாடையின் நடுவில் பிடிப்பது வழக்கம். பழைய பட்டில் அப்படிப் பிடித்தால் அந்தக் கோட்டிலேயே அடுத்த வருடம் விடும். மூன்று அங்குலத்தையும் பட்டிக்குள் மேலேயே மடக்கிவிடச் சொல்லுங்கள்.

தாங்குவதும் தாங்காததும் உண்மையில் லைனிங்கில் இருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த மெல்லிய மல் துணியில் லைனிங் வெட்டி இரண்டையும் இடுப்பில் மட்டும் சேர்க்கவேண்டும். கீழே தனித்தனியாகத் தொங்கட்டும், லைனிங் அரை அங்குலம் குட்டையாக. நலிந்த இடங்களில் மட்டும் பட்டையும் லைனிங்கையும் மூன்று அங்குலத்துக்கு ஒரு வரிசையாக லேசாகக் கைத்தையல் போட்டுப் பிடியுங்கள். குழந்தை உட்காரும்போது வரும் இழுப்பை மல் வாங்கிக்கொள்ளும். ஃபியூசிங் (சூட்டில் ஒட்டும் பசைத் துணி) ஒட்டித் தருகிறேன் என்று சொல்வார்கள், வேண்டாம். அந்தச் சூடும் பசையும் பழைய பட்டை இன்னும் நொறுக்கும், ஒட்டியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

மெஷினில் 11-ஆம் நம்பர் புது ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். பொடித்தையல் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரித் துளை விழுந்து அந்தக் கோட்டிலேயே கிழியும். தையல் விளிம்பு ஒரு அங்குலம் விடுங்கள். அதற்கு வெளியே குண்டூசி குத்தக் கூடாது. நூல் பருத்தியாகவோ பட்டாகவோ இருக்கட்டும். முறுக்கேறிய பாலியஸ்டர் நூல் பட்டை அறுத்துவிடும். சட்டையை உடம்போடு ஒட்டித் தைக்காமல் மார்பளவுக்கு மேல் நான்கு அங்குலம் தளர்வு கொடுங்கள். அக்குளில் பருத்தித் துண்டு வைக்கவும்.

உடல் பட்டு எங்கே இழுத்தாலும் விடுகிறது என்றால் புதுத் துணியில் பாவாடை தைத்துக் கரையை மட்டும் ஏற்றலாம். சரிகையை ஒட்டி வெட்டாமல் ஒரு அங்குல உடல் பட்டோடு வெட்டி அதை உள்ளே மடக்குங்கள். புதுத் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கவேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் துணி சுருங்கும், கரை சுருங்காது, பாவாடை அப்பளம் போல் நெளியும். ஜார்ஜெட் வேண்டாம், கரையின் கனத்தில் தொங்கிவிடும்.

தையலுக்குக் கொடுக்கும்போது கரையின் நீளத்தை அளந்து ரசீதில் எழுதி வாங்குங்கள். உள்பக்கம் நீங்கள் மட்டும் அறிந்த நிறத்தில் நாலு தையல் போட்டு அடையாளம் வையுங்கள். பார்டர் மாற்றித் தருபவர்களிடம் போகும் கரை எல்லாம் அதே கரையாகத் திரும்புவதில்லை. விரற்கடைத் துண்டு உட்பட மிச்சம் அத்தனையையும் கேட்டு வாங்குங்கள். அதிலும் வெள்ளி இருக்கிறது.

தைக்குமுன் ‘சாரி பாலிஷ்’ போட்டுப் பளபளப்பாக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பசை தடவிச் சூட்டு உருளையில் ஓட்டுவார்கள். விறைப்பான பழைய பட்டு அடுத்த மடிப்பில் பட்டென்று முறியும். சரிகைக்குப் புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் தடவாதீர்கள். அரக்குச் சாயம் விடுகிறதா என்று பார்க்க, ஈர வெள்ளைத் துணியை உள்பக்கம் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் ஏறினால் பட்டில் தண்ணீரே படக் கூடாது, லைனிங்கும் வெள்ளையாக இருக்கக் கூடாது. இஸ்திரி உள்பக்கம் மட்டும், குறைந்த சூட்டில், மேலே மல் துணி போட்டு, நீர் தெளிக்காமல்.

வெள்ளிக்கிழமை அவர் வந்து, “சரிகையை மட்டுமாவது உருவிக் கொடுங்கள்” என்றால் ஊசியில் கழற்றிய அந்தச் சுருளை வெள்ளைக் காகிதத்தோடு அவர்முன் நீட்டுங்கள். அநேகமாக அங்கேயே விலை ஏறும். ஏறினாலும் புடவை பீரோவிலேயே இருக்கட்டும்: துவைத்த பழைய வேட்டியில் சுற்றி, பிளாஸ்டிக் கவர் இல்லாமல், நாப்தலின் உருண்டை சரிகையில் படாமல். தைக்க நாளானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை இடம் மாற்றி வையுங்கள்.